நூலக்கா போட்ட மோதிரம்

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு மோதிரம் இறுகிய விரலோடு யார் வந்தாலும், டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் நூலக்காவைத்தான் தேடுவார்கள். அவளுடைய உண்மையான பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைத் தவிர வேறெங்கும் புழங்கவில்லை. காயங்களுக்குக் கட்டுப்போடும் அறையில் இருபத்திரண்டு வருட வேலை. தரை துடைப்பவர் முதல் தலைமை மருத்துவர் வரை எல்லோருக்கும் நூலக்காதான்.

பெயர் வந்த காரணம் எளிது. சிக்கிய மோதிரத்தை வெட்டாமல் எடுக்க ஒரு வழி உண்டு. காயம் தைக்கும் பட்டு நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மீதி நூலை மோதிரத்தின் விளிம்பிலிருந்து விரல் நுனியை நோக்கி, சுற்றோடு சுற்று ஒட்டி நிற்கும்படி இறுக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வீங்கிய சதை நூலுக்குள் அடங்கும். பிறகு உள்ளங்கைப் பக்கத்து முனையைப் பிடித்துப் பிரித்தால், பிரிகிற நூலே மோதிரத்தை முன்னால் தள்ளிக்கொண்டு வரும். விரல் கணுவைத் தாண்டும்போது கத்துவார்கள். தாண்டியதும் சிரிப்பார்கள். சிலர் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்ததும் உண்டு.

இந்த வேலையில் அவள் ஒரு விதியை விட்டுக்கொடுப்பதில்லை. முதலில் நகத்தை அழுத்தி விட வேண்டும். வெளுத்த நகத்தில் இரண்டு எண்ணுவதற்குள் சிவப்பு திரும்பினால் நூல். திரும்பாவிட்டால் நூலைத் தொடக்கூடாது. ஏற்கெனவே ரத்தம் போகாத விரலை மேலும் நெரித்த பாவம் வந்து சேரும். நேரே மோதிரம் வெட்டும் கட்டர். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் சிரிப்பு இருக்காது.

மோதிரங்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு நகைக்கடைக்காரர்களுக்கே தெரியுமா என்பது சந்தேகம். கடைக்காரர் போடும்போது பார்க்கிறார். இவள் கழற்றும்போது பார்க்கிறாள். நிச்சயதார்த்த மோதிரத்துக்கு மேலே கல்யாண மோதிரத்தையும் அதே விரலில் அடுக்கிக்கொள்பவர்கள், இரண்டையும் உருக்கி ஒன்றாக்கிக்கொள்பவர்கள், கணவன் போன பிறகு அவன் மோதிரம் நழுவாமல் இருக்கத் தன்னுடையதை அதற்கு முட்டுக்கொடுத்துப் போட்டுக்கொள்ளும் பெண்கள் எல்லோரையும் அவள் கண்டிருக்கிறாள். மாமியார் வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் மோதிரம் போடுகிற ஆண்களை விரலைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தோலில் தடம் இருக்காது. கழன்றதும் உள்பக்கம் பொறித்திருக்கும் பெயரைப் படிப்பது அவளுடைய பழக்கம். ஒருமுறை உள்ளே இருந்தது கூட வந்த மனைவியின் பெயர் அல்ல. அந்த மோதிரத்தை அவள் பஞ்சில் சுற்றி, ஒட்டுப்போட்டு, "வீட்டுல போய் சாவகாசமா பிரிங்க, சார்" என்று அந்த மனிதர் கையிலேயே கொடுத்தாள்.

கல்யாண மோதிரம் என்றால் பெரிய தொல்லை இல்லை. பழகிப்போனவர்கள், வெட்டுங்கள் என்று சொல்லிவிடுவார்கள், சிலர் கொஞ்சம் குஷியாகவே. நிச்சயதார்த்த மோதிரம்தான் பயங்கரம். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருக்கும். ஆனாலும் கையை இழுத்துக்கொள்வார்கள். வெட்டினால் அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று அழுவார்கள். "மோதிரம் கடையில கிடைக்கும், விரல் எந்தக் கடையில கிடைக்கும்?" என்று நூலக்கா அதட்டுவாள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனம் அது.

அவளுக்கு ஒரே மகள். இருபத்தெட்டு வயது. பார்லரில் முடி வெட்டுவதும் சாயம் பூசுவதும் வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது அந்த வீட்டார் பின்வாங்கினார்கள். காரணம் என்று எதையும் சொல்லவில்லை. இவர்கள் போட்ட மோதிரம் தபால் உறையில் திரும்பி வந்தது. உறையின் மேல் முகவரிகூட அச்சடித்த எழுத்தில் இருந்தது. லாரியோடு வெளியூர் போயிருந்த கணவனிடம் அதைத் தொலைபேசியில் சொன்னபோது, "போகட்டும் விடு" என்று அவர் தூங்கப் போய்விட்டார். நூலக்காதான் தூங்கவில்லை. அன்றிலிருந்து வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அவள் முதலில் அவர்கள் கையில் உறை இருக்கிறதா என்றுதான் பார்த்தாள்.

இந்த முறை வந்த மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அமைதியான பையன். மகளுக்குப் பிடித்திருந்தது, சாப்பிடும்போது தனக்குள் சிரித்துக்கொள்ளும் அளவுக்குப் பிடித்திருந்தது. அவனுடைய அம்மா, அதாவது சம்பந்தியம்மா, துணிக்கடை ஒன்றில் முப்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தவர். சின்ன உடம்பு, நீட்டிப் பேசாத வாய், எதிரில் நிற்பவரை மீதிச் சில்லறைக்குக் காத்திருக்க வைக்கும் பார்வை. அவர் எதிரில் பேசும் முன் நூலக்கா ஒவ்வொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தாள்.

அவர்கள் குடும்பத்தில் மோதிர விஷயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது மோதிரம் வாங்கமாட்டார்கள். மாமியார் தன் விரலிலிருந்து கழற்றிக் கொடுக்க, மகன் அதை அப்படியே மருமகள் விரலில் போட வேண்டும். நடுவில் பெட்டிக்குள் வைக்கக்கூடாது, முன்கூட்டிப் போட்டுப் பார்க்கக்கூடாது. "மூணு தலைமுறையா இந்த மோதிரம் விரலை விட்டு வேற எங்கயும் இருந்ததில்லை" என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னார். கேட்கும்போதே நூலக்காவின் கண் அவர் விரலுக்குப் போனது. குழந்தை விரல் மாதிரி இருந்தது. மகளுடையதோ நாள் முழுக்கக் கத்தரியும் சீப்பும் பிடித்துக் கணு தடித்த விரல். அளவு பார்க்கலாமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. உறை ஞாபகமும் கூடவே வந்தது. கேட்கவில்லை.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறிய மண்டபத்தில். நூற்றைம்பது பேர். மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டான். அது கணுவில் நின்றது. அழுத்தினான், நின்றது. அவன் பக்கத்து மாமா ஒருவர், "என்ன மாப்ளே, லிஃப்ட் பாதி மாடியிலயே நின்னுடுச்சா" என்றார். மண்டபமே சிரித்தது. புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியதும் வந்த அமைதிதான் நூலக்காவைத் தள்ளியது. யாரோ பின்வரிசையில், "சேரலையோ" என்றார்கள். மோதிரத்தைத்தான் சொன்னார்கள். அவளுக்கு வேறாகக் கேட்டது.

எழுந்து மேடைக்குப் போனாள். "தள்ளுங்க தம்பி, இது நம்ம டிபார்ட்மெண்ட்" என்று சிரித்தாள். பரிசுப் பெட்டி ஒன்றின் பட்டு நாடாவை உருவினாள். மகளின் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி நிறுத்தி ரத்தம் இறங்க விட்டாள். கூட்டம் அதையும் ஏதோ வேடிக்கை என்று கைதட்டியது. பிறகு கணுவைச் சுற்றி நாடாவை இறுக்கி, கைப்பையிலிருந்த களிம்பைத் தடவி, கழற்றுவதற்குத் தெரிந்த அத்தனையையும் தலைகீழாகச் செய்து, மோதிரத்தை உள்ளே ஓட்டிவிட்டாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கணுவைத் தாண்டிவிட்டால் அடிவிரல் மெலிசு, அங்கே தளர்ந்து உட்கார்ந்துகொள்ளும் என்று எண்ணினாள். உட்கார்ந்தது. ஆனால் தளரவில்லை. மோதிரத்தின் இருபக்கமும் சதை மெல்ல மேலெழுந்து நின்றதை மேடையில் அவள் ஒருத்திதான் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் பார்த்த காட்சி அது. மகள் உதட்டைக் கடித்தபோது, "முகத்தை மாத்திக்காத, போட்டோ எடுக்கறாங்க" என்று காதோரம் சொன்னாள்.

திங்களும் செவ்வாயும் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது அப்படி அவள் நம்பிக்கொண்டாள். அவளுக்குக் காலை ஆறு மணிக்கு வேலை, மகளுக்குப் பத்து மணிக்கு. ஒருவரை ஒருவர் பார்த்ததே போகிற வருகிற வாசலில்தான். "மோதிரம் எப்படி இருக்கு?" என்று செவ்வாய்க்கிழமை சமையலறையிலிருந்து கேட்டாள். "இருக்கு" என்றாள் மகள். கையைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்றும் தோன்றியது. துணி மடிக்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை நூலக்காவுக்கு வார விடுமுறை. காலையில் மகள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள், வலது கையால் மட்டும். இடது கை மடியில் கிடந்தது. விரல் நுனியில் கருநீலம்.

"டை போட்டுட்டுக் கை கழுவறதே இல்லையா நீ?" என்றாள் நூலக்கா. மகளின் விரலில் சாயக்கறை இல்லாத நாளே கிடையாது; அந்த வீட்டின் கதவுப் பிடிகூடப் பழுப்பு.

"போகலைம்மா."

"எலுமிச்சை தேச்சா போகும். கொண்டா."

மகள் கொண்டுவரவில்லை. நூலக்கா அருகில் போய்க் கையை எடுத்தாள். எடுத்ததும் தெரிந்தது. மற்ற நான்கு விரலும் சூடு. இந்த ஒன்று கண்ணாடி டம்ளர் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"எப்பலருந்து?"

"நேத்து மத்தியானம். வெந்நீர்ல தலை அலசிக்கிட்டே இருந்தேன், வீங்கிடுச்சு. அதுக்கப்புறம் கிளவுஸ் போட்டுக்கிட்டேன்."

"ஏன்டி சொல்லல?"

மகள் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

நூலக்கா நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. மங்கலான ஊதா நிறம் ஏதோ வேண்டாவெறுப்பாக ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்தது. இப்படிப்பட்ட விரல் அவசரப் பிரிவுக்கு வந்திருந்தால் அடுத்த நிமிடம் கட்டர் கையில் இருந்திருக்கும். ஆனால் அவள் போட்ட முதல் கணக்கு வேறு: சம்பந்தியம்மாவுக்குத் தெரிவதற்குள் இதை முழுசாக வெளியே எடுத்துவிட முடியுமா?

வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். பன்னிரண்டு நிமிடப் பாதை. மகளின் கையை உயர்த்திப் பிடித்தபடியே நூலக்கா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஓட்டுநரின் பின்கழுத்தைப் பார்த்து, "கொஞ்சம் பாருங்கண்ணே" என்றாள். "விளக்கைப் பாத்துக்கிட்டுத்தாம்மா இருக்கேன், அதுதான் என்னைப் பாக்க மாட்டேங்குது" என்றார் அவர். வேறொரு நாள் என்றால் சிரித்திருப்பாள். மகள் வலது கையால் தொலைபேசியில் எதையோ தட்டி அனுப்பினாள்.

"யாருக்கு?"

"அவருக்கு."

"எதுக்கு இப்ப?"

"எனக்குப் பயமா இருக்கும்மா. யாருகிட்டயாவது சொல்லணும்ல."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. அவன் பத்தொன்பதாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தானாம். இறங்கி வர நேரமாகும், அம்மாவை அனுப்புகிறேன் என்றிருந்தான். சம்பந்தியம்மா கிளம்பிவிட்டார். நூலக்காவுக்கு அதற்குப் பிறகு சாலை எதுவும் கண்ணில் படவில்லை.

அவசரப் பிரிவில் காலை நெரிசல். படியில் விழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்ட குழந்தை. பணியில் இருந்த இளம் டாக்டர் நெஞ்சுவலிக்காரரை விட்டு நகர முடியவில்லை. தூரத்திலிருந்தே, "நூலக்கா, லீவு நாள்லகூட நம்மளை விட முடியலையா?" என்று கேட்டார். அவள் கட்டுப்போடும் அறைக்குள் மகளை இழுத்துப் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

மேசை, வளைந்த கழுத்து விளக்கு, இழுப்பறை. எல்லாம் அவள் கை பழகிய இடத்தில் இருந்தன. இழுப்பறையின் இடது மூலையில் கட்டர், வலது மூலையில் நூல். அவள் கை வலது மூலைக்குப் போனது.

"அம்மா, நகம் அழுத்திப் பாத்தியே, நாலு எண்ணினியே" என்றாள் மகள். நூலக்கா வீட்டில் ஆயிரம் தடவை சொன்ன கதைகள் அவளுக்கும் மனப்பாடம். "நாலுன்னா நூல் கிடையாதுன்னு சொல்லுவியே."

"அது மத்தவங்களுக்கு. எனக்குக் கை தெரியும். சும்மா இரு."

நூலின் நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைக்கவே முடியவில்லை. சதை இரண்டு பக்கமும் உதடு மாதிரி மூடிக்கொண்டிருந்தது. வளைந்த ஊசியின் காதுப் பக்கத்தால் தூக்கித் தூக்கி நுழைத்தாள். மகளின் முழங்கால் மேசையில் இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. நூல் சதைக்குள் அமிழ்ந்து காணாமல் போனது. ஐந்தாவது சுற்றில் தோல் கீறி ரத்தம் வந்தது. கறுத்த, சோம்பலான ரத்தம். பிரிக்கத் தொடங்கினாள். மோதிரம் ஒரு நெல் அகலம் நகர்ந்தது. நின்றது. களிம்பு தடவினாள். இன்னும் அரை நெல். நூல் அறுந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. புது நூல் எடுத்தாள். ஊசிக்காதில் கோக்க வரவில்லை. கோடி தடவை கோத்த கை. விளக்கை இழுத்துச் சரிசெய்தாள், கண்ணைச் சுருக்கினாள், நூல் நுனியை நாக்கில் ஈரப்படுத்தினாள். நூல் ஊசியைச் சுற்றிச் சுற்றி எங்கெங்கோ போயிற்று.

"ஒருவேளை இது கறுத்தே போயிட்டா," என்றாள் மகள் மெதுவாக, "என்னால கத்தரி பிடிக்க முடியுமா?"

"வாயைக் கழுவு."

"இடது கைதானே. சீப்பு பிடிக்கற கை. சீப்பு பிடிக்க நாலு விரல் போதும், இல்ல?"

அவள் வேடிக்கையாகச் சொல்கிறாளா, நிஜமாகவே கணக்குப் பார்க்கிறாளா என்று நூலக்காவுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. சம்பந்தியம்மா நின்றார். மூச்சு வாங்கியது, ஒரு காலில் வேறு செருப்பு, இன்னொரு காலில் வேறு செருப்பு. அவர் முதலில் மகளைப் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த ரத்தம் தோய்ந்த பஞ்சை, பிறகு நூலக்காவின் கையிலிருந்த ஊசியை.

"என்ன பண்றீங்க?"

"எடுத்துடலாம் சம்பந்தி. ஒண்ணும் ஆகல. மோதிரத்துக்கு ஒரு கீறல் விழாம எடுத்துத் தந்துடறேன், நீங்க உக்காருங்க" என்றாள் நூலக்கா. தன் குரல் கடைக்காரர்களிடம் பேரம் பேசுபவள் குரல் மாதிரி அவளுக்கே கேட்டது.

சம்பந்தியம்மா உட்காரவில்லை. குனிந்து விரலைப் பார்த்தார். அவர் முகம் வெளிறியது. "இதை எடுக்க வேற வழியே இல்லையா? வெட்டற கருவி எதுவும் இந்த ஆஸ்பத்திரியில கிடையாதா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் தையல் வேலை பண்ணிட்டிருக்கீங்க?"

நூலக்கா ஊசியைக் கீழே வைக்கப் போனாள். அதற்குள் இளம் டாக்டர் கையுறையை உருவிக்கொண்டே உள்ளே வந்தார். மகளின் கையை வாங்கினார், நகத்தை அழுத்தினார். அவருடைய உதடு அசைந்து எண்ணியது. ஐந்துக்கு மேல் போனது. அவர் நூலக்காவை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கீங்க, அக்கா?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"நூலா போட்டீங்க? இதுக்கா?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டார். இழுப்பறையின் இடது மூலையைத் திறந்து கட்டரை எடுத்தார். "நீங்க வெளிய இருங்க. நான் பாத்துக்கறேன்."

கட்டரின் மெல்லிய நாக்கை மோதிரத்துக்கு அடியில் நுழைக்க வேண்டும். அதன் மேல்தான் சின்னப் பல்சக்கரம் சுற்றி அறுக்கும். நாக்கு இல்லாமல் அறுத்தால் விரலும் அறுபடும். டாக்டர் இரண்டு முறை முயன்றார். நாக்கு சதைக்குள் போகவில்லை. மூன்றாவது முறை அவர் நெற்றியில் வியர்வை தெரிந்தது. அவர் இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம்தான். இறுகிய மோதிரங்கள் எல்லாம் நூலக்காவுக்கே போனதால் கட்டரை இதுவரை இரண்டே முறைதான் தொட்டிருந்தார்.

வெளியே போகாமல் திரையோரம் நின்ற நூலக்கா முன்னால் வந்தாள். "கொடுங்க டாக்டர்."

"அக்கா, உங்க கை நடுங்குது."

"தெரியும். கொடுங்க."

அவள் முழங்கைகள் இரண்டையும் மேசையில் ஊன்றிக்கொண்டாள். நடுக்கம் தோளோடு நின்றது. உள்ளங்கைப் பக்கம், சதை கொஞ்சம் இளகிய இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து நாக்கைப் படுக்கையாக வைத்துப் பொறுமையாக நெருடினாள். போனது. சக்கரத்தைத் திருகினாள். தங்கம் அறுபடும் மெல்லிய கிரீச் சத்தம் எழுந்தது. உலோகம் சூடாகாமல் இருக்க டாக்டர் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். பழைய காலத்து மோதிரம், கனம் அதிகம். பாதியில் சக்கரம் சறுக்கியது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு மறுபடி அதே தடத்தில் வைத்தாள். சம்பந்தியம்மா எதிர்ப்பக்கம் போய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொள் என்றார். மகள் மூடவில்லை. சம்பந்தியம்மாதான் மூடிக்கொண்டார்.

அறுபட்டது. இரண்டு பக்கமும் இடுக்கியால் பிடித்து விரித்ததும், மோதிரம் சதையோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விட்டது. தட்டில் விழுந்தது. உள்பக்கம் ஏதோ எழுத்து இருந்தது. அவள் படிக்கவில்லை.

விரலைச் சுற்றி ஆழமான பள்ளம். பள்ளத்தின் அடியில் தோல் சாம்பல் நிறம். நகத்தை டாக்டர் அழுத்தினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒன்றும் மாறவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். நூலக்கா கையைப் பிடித்து உருவிவிடப் போனாள். "வேணாம், தானா வரட்டும்" என்று டாக்டர் தடுத்தார். தானாக வராத விரல்களையும் அவள் பார்த்திருக்கிறாள். அவற்றை அடுத்து எந்த அறைக்கு அனுப்புவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த அறையின் கதவு இந்த மேசையிலிருந்து எட்டு அடி தூரத்தில்தான் இருந்தது.

காத்திருக்கும் நேரத்தில் டாக்டர் கேஸ் ஷீட்டை இழுத்துக்கொண்டார். பெயர், வயது எழுதினார். "மோதிரம் எப்படி இறுகிச்சு? பூச்சி கடியா, அடிபட்டதா?"

மகள், "வெந்நீர்ல..." என்று தொடங்கினாள்.

"நான் போட்டுவிட்டது" என்றாள் நூலக்கா. "ஞாயித்துக்கிழமை. அளவு சின்னது. சின்னதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். போட்டதும் இறுக்குதுன்னு கண்ணால பாத்தேன். அதுக்கு மேல மூணு நாள் பாக்கல. இன்னைக்கு இருபத்தஞ்சு நிமிஷம் நூல் போட்டேன், போடக்கூடாதுன்னு தெரிஞ்சே. எல்லாத்தையும் எழுதிக்குங்க."

டாக்டரின் பேனா தயங்கியது. "இவ்வளவையும் எழுத அந்தக் கட்டத்துல இடம் இல்லை, அக்கா."

"பின்பக்கம் எழுதுங்க."

அவள் யாரையும் பார்க்காமல் நின்றாள். முடிந்தது என்று நினைத்தாள். உறை இனி தபாலில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆளே எதிரில் நிற்கிறார்.

"நானும் பாத்தேன்" என்றார் சம்பந்தியம்மா. அவர் குரல் கல்லாவில் உட்கார்ந்தவர் குரலாக இல்லை. "மேடையில அந்தப் பொண்ணு உதட்டைக் கடிச்சதைப் பாத்தேன். வேணாம், கழட்டுங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். நூத்தைம்பது பேர் முன்னாடி எங்க வீட்டு மோதிரம் சேரலைன்னு நானே எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன். அப்புறம் மனசைத் தேத்திக்கிட்டேன். போடறது நூலக்கா, ஆஸ்பத்திரிக்காரங்க, அவங்களுக்குத் தெரியாததான்னு." நூலக்கா பக்கம் திரும்பினார். "உங்களை நம்பினேன், சம்பந்தி. அதுதான் எனக்கு ஆறல."

நூலக்கா தலையை ஆட்டினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இருந்தது. அது அந்த இடத்தில் மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

"வருது" என்றாள் மகள்.

நகத்தின் அடியில், பிறை மாதிரி ஒரு கோடு. முதலில் ஊதா, பிறகு அழுக்குச் சிவப்பு. டாக்டர் அழுத்தினார், நான்கு எண்ணினார். ஒரு நிமிடம் விட்டு மறுபடி அழுத்தினார், மூன்று. "திரும்புது. ஆனா பள்ளத்துக்கிட்ட தோல் எப்படிப் போகும்னு ரெண்டு நாள் பாத்துத்தான் சொல்ல முடியும். இன்னைக்கு இங்கயே இருக்கட்டும். ஒரு மணிக்கு ஒருதடவை பாக்கணும்." அவர் மகளைப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தயங்கி, "கட்டு வேற யாரையாவது போடச் சொல்றேன், அக்கா" என்றார்.

"சரி" என்றாள் நூலக்கா. அது அவளுக்குச் சுட்டது. சுடட்டும் என்று நின்றாள்.

சம்பந்தியம்மா தட்டிலிருந்த மோதிரத்தை எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "டாக்டர், கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. அதுக்குள்ள ஆறிடுமா?"

நூலக்கா ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள். கல்யாணம் என்ற சொல்லை அந்த அம்மாள் தன் வாயால் சொல்லிவிட்டார்.

"ஆறலாம். ஆனா அந்த விரல்ல உடனே எதையும் மாட்டாதீங்க" என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு வேற கையில போடுங்க" என்றாள் மகள். எல்லோரும் திரும்பினார்கள். மரத்துப்போன கையைத் தலையணையில் உயர்த்தி வைத்தபடி அவள் கூரையைப் பார்த்துச் சொன்னாள். "வலது கையில. அளவெடுத்து. நானே வந்து போட்டுப் பாக்கறேன்."

"எங்க வீட்டுல எப்பவும் இடது கைதாம்மா" என்றார் சம்பந்தியம்மா. "அதுவும் போட்டுப் பாத்து வாங்கறது..."

"இல்லன்னா வேணாம், அத்தை. மோதிரம் இல்லாமலே வரேன்."

நூலக்காவின் உடம்பு முழுக்கப் பழைய பயம் ஓடியது. பெண்ணை அடக்கு, ஏதாவது சிரித்துச் சமாளி, இது நம்ம டிபார்ட்மெண்ட் என்று எழுந்து போ என்று அது சொன்னது. ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மா ஒருமுறை அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஏதாவது சொல்வாளா என்று. அவள் சொல்லவில்லை.

வெளியே யாரோ குழந்தையின் மூக்கிலிருந்து பட்டாணியை எடுத்துவிட்டார்கள், அழுகை நின்றது.

சம்பந்தியம்மா கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்தார். மகளின் வலது கையை எடுத்து, மோதிர விரலின் கணுவைத் தன் பெருவிரலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"இந்தக் கணு தடிச்சுத்தான் இருக்கு" என்றார். "கணுவுக்கு அளவெடுத்தா அடியில லொடலொடன்னு ஆடும்."

"ஆடட்டும், அத்தை" என்றாள் மகள்.

நூலக்கா எழுந்தாள். விரல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டிய நேரம் ஆகியிருந்தது. நகத்தைத் தொடும் முன், "பாக்கட்டுமா?" என்று மகளிடம் கேட்டாள். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையை அவள் பக்கம் நகர்த்தினாள்.